அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை, மூன்று மாதச் சம்பளம் பாக்கி: வேலையை விட்டால் பணம் வருமா?

வாசகி ஒருவரின் கடிதம். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயது 29, பி.காம். படித்தவர். தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் இரண்டே கால் வருடமாகக் கணக்கு பார்க்கிறார். டேலி, பில்லிங், ஜிஎஸ்டி எல்லாம் அவர்தான். யூனிட்டில் சுமார் 25 பேர். சித்தப்பாவின் நண்பர் மூலம் சேர்ந்ததால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பேசிய சம்பளம் 18,500 ரூபாய். அதில் 11,000 பேங்கில் வரும், மீதி 7,500 கவரில் கையில் வரும். கடைசி மூன்று மாதமாக இரண்டுமே வரவில்லை, அதற்கு முந்தைய மாதத்தில் கவர் மட்டும் வரவில்லை. நடுவில் 10,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், அதில் 4,000 கழிந்துவிட்டது. வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் 1-ஆம் தேதி சேர வேண்டும். முதலாளியிடம் வாய்மொழியாகச் சொன்னதற்கு வந்த பதில் இது: “மூணு மாசம் நோட்டீஸ் கொடுக்காம போனா பாக்கி கிடையாது. ஸ்டாக்ல நாப்பதாயிரம் குறையுது, அதையும் உன் கணக்குலதான் கழிப்பேன். நீ இங்க வேலை பார்த்ததுக்கே என்ன ஆதாரம் இருக்கு?” சேரும்போது வாங்கி வைத்த டிகிரி சான்றிதழும் அவர் பீரோவில்தான் இருக்கிறது.

வாசகியின் கேள்விகள்: எழுத்தில் எதுவும் இல்லாததால் வழக்கே போட முடியாதா? ஆபீஸ் ஸ்டாஃப் என்பதால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று தோழி சொல்கிறார், உண்மையா? பணம் தரும்வரை ஆபீஸ் லேப்டாப்பை வீட்டில் வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் என்ன?

இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

முதலில் அந்தக் கடைசி யோசனையைக் கைவிடுங்கள். இன்றைய தேதியில் தவறு முழுக்க முதலாளி பக்கம் இருக்கிறது. லேப்டாப்பை எடுத்துப்போன மறுநிமிடம் நீங்கள் புகார் கொடுப்பவர் என்ற இடத்திலிருந்து புகாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். கம்பெனிப் பொருளைப் பிடித்து வைத்தார் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பார். டேட்டாவை எடுத்ததாக, அழித்ததாகச் சொன்னால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டு விஷயம் இன்னும் மோசம். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி ரிட்டர்ன் போடவில்லை என்றால் தாமதக் கட்டணம், வட்டி என்று ஓடும், அந்த நஷ்டத்தை அப்படியே உங்கள் தலையில் கட்டுவார். இப்போது வெறும் வாய்ப்பேச்சாக இருக்கும் அந்த நாற்பதாயிரக் கதைக்கு நீங்களே ஒரு ஆதாரத்தைச் செய்து கொடுத்ததாக ஆகும்.

ஒப்பந்தம் இல்லை என்பது உண்மையில் யாருக்குச் சிக்கல்

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். “வேலைக்கு வா, மாசம் இவ்வளவு தரேன்” என்று அவர் சொல்லி, நீங்கள் போய் வேலை செய்து, அவர் இரண்டு வருடம் சம்பளமும் கொடுத்துவிட்டால் அங்கே வேலை ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளம் பற்றிய சட்டமும் வெளிப்படையாகப் பேசிய நிபந்தனை, நடைமுறையில் உணரக்கூடிய நிபந்தனை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது.

எந்தச் சட்டம் என்று கேட்டிருந்தீர்கள். 1936-ஆம் வருட ஊதியம் வழங்கல் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம் ஆகிய நான்கையும் ஒன்றாக்கிய 2019-ஆம் வருட ஊதியங்கள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் பாக்கி முழுவதும் அதற்குப் பிறகு சேர்ந்தது. பழைய 1936 சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் பாதுகாப்பு என்று ஒரு வரம்பு இருந்தது, இப்போது அது இல்லை. தோழி சொன்ன விஷயத்துக்கும் இதுவே பதில். இந்தத் தொகுப்பில் ‘பணியாளர்’ என்பதற்குள் கிளார்க், சூப்பர்வைசர், மேனேஜர் வரை எல்லோரும் வருகிறார்கள். தையல் மெஷினில் உட்கார்ந்தால்தான் தொழிலாளர் சட்டம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கிடையாது என்பது நம் ஊரில் ரொம்ப நாளாகச் சுற்றும் கதை. முதலாளிகளுக்கு வசதியான கதை என்பதால் சீக்கிரம் சாகாது.

மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். வேலையை விட்டு நீக்கினாலும் சரி, நீங்களாக ராஜினாமா செய்தாலும் சரி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் முதலாளி நீக்கினால்தான் இந்த இரண்டு நாள் கெடு, இப்போது ராஜினாமாவையும் சேர்த்திருக்கிறார்கள். “செட்டில்மென்ட் 45 நாள் ஆகும், அதுதான் எல்லா கம்பெனியிலும் வழக்கம்” என்று யாராவது சொன்னால் பழக்கத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் அதை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதே நாளில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஏற்கெனவே வேலையில் இருந்து ஆர்டர் வாங்காதவர்களுக்கு, அது நடைமுறைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே, ஆர்டர் இல்லை என்பதை உங்கள் குறையாக நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை, அது அவர் கொடுக்கத் தவறியது.

‘என்ன ஆதாரம் இருக்கு?’ என்று அவர் கேட்ட தோரணையிலேயே உங்களுக்குப் பாதித் தெம்பு போயிருக்கும் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் சம்பளம் கொடுக்கவில்லை என்று மனு போட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்குத்தான். நீங்கள் காட்ட வேண்டியது இரண்டே விஷயம்: அங்கே வேலை செய்தீர்கள், இவ்வளவு சம்பளம் பேசப்பட்டது.

11,000-ஆ, 18,500-ஆ?

முதல் விஷயத்தில் உங்களுக்குக் கஷ்டமே இல்லை. இரண்டே கால் வருடமாக அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாதா மாதம் 11,000 வந்திருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தால் முடிந்தது. தகராறு வரப்போவது இரண்டாவது விஷயத்தில். மனு போட்ட உடனே அவர் வக்கீல் சொல்லப்போவது, “சம்பளமே 11,000தான், கவர் என்று எதுவும் இல்லை” என்பதாகத்தான் இருக்கும். உங்கள் சக்தியை எல்லாம் இந்த இடத்தில் செலவழியுங்கள், அதுவும் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால். கடிதம் கொடுத்த பிறகு அவர் வாட்ஸ்அப்பில் ஜாக்கிரதை ஆகிவிடுவார்.

பழைய மெசேஜ்களைத் தோண்டுங்கள். “கவர் ரெடி, வந்து வாங்கிக்கோ”, “இந்த மாசம் கவர் லேட் ஆகும்மா” என்கிற மாதிரி ஒரு வரி இருந்தாலும் போதும். கவரின் மேல் தொகையும் மாதமும் எழுதியிருந்தால் அந்தக் காலிக் கவர்கள்கூட உதவும், வீட்டில் எங்காவது கிடக்கும், தேடுங்கள். கவர் வாங்கியதும் மறுநாள் உங்கள் கணக்கில் பணம் கட்டும் பழக்கம் இருந்திருந்தால் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிசை தெரியும். உங்களைப் போலவே கவர் வாங்கிய, வேலையை விட்டுப்போன யாராவது சாட்சி சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இப்போதும் அங்கே வேலை செய்பவர்களை இழுக்காதீர்கள், அவர்கள் பிழைப்பு கெடும், கடைசி நேரத்தில் பின்வாங்கவும் செய்வார்கள்.

இதையெல்லாம்விட உதவக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாரமே அவருக்கு ஒரு மரியாதையான மெசேஜ் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், ராஜினாமா பேச்சும் வேண்டாம், கணக்கு மட்டும்: “சார், மூணு மாசச் சம்பளம் 18,500 வீதம் 55,500, அதுக்கு முந்தின மாசக் கவர் 7,500, மொத்தம் 63,000. அட்வான்ஸ் பாக்கி 6,000 போக 57,000 வரணும். எப்ப கிடைக்கும்னு சொன்னா வீட்டு வாடகைக்கு ஏற்பாடு பண்ணிக்குவேன்.” இதற்கு அவர் “அடுத்த வாரம் பாக்கலாம்மா” என்று பதில் போட்டாலே, சம்பளம் 18,500 என்பதை மறுக்காமல் அவரே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரிதான் படிக்கப்படும். பதிலே போடவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை, நீங்கள் முதலிலிருந்தே ஒரே கணக்கைச் சொல்லி வருகிறீர்கள் என்பது பதிவாகிவிடும்.

அட்வான்ஸை ஏன் நாமே சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். சொல்லுங்கள். அட்வான்ஸ் பாக்கியைக் கழிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவர் வவுச்சரோடு வந்து நின்றால் உங்கள் மீதிக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவையுங்கள், அந்த போனையும் விற்காமல், ஃபார்மேட் செய்யாமல் வைத்திருங்கள். நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்று கேட்பார்கள், அப்போது மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. குரல் பதிவு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தை, மற்றவர்கள் சம்பளப் பட்டியலை, டேலி பேக்கப்பை எடுத்து வராதீர்கள். உங்கள் வருகைப் பதிவு, உங்கள் வவுச்சர், உங்களுக்கு வந்த மெசேஜ், இவ்வளவு போதும்.

சம்பளம் 11,000தான் என்று அவர் சொல்வது அவருக்கே ஆபத்தாகவும் முடியலாம். உங்கள் வேலைக்கும் அந்தத் தொழிலுக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் அகவிலைப்படியோடு எவ்வளவு என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 11,000 அதற்குக் கீழே இருந்தால், அவர் வாதமே இரண்டே கால் வருடம் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கவில்லை என்ற ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். பி.எஃப். விஷயத்திலும் அப்படித்தான். இருபது பேராவது இருந்தால் பி.எஃப். உண்டு, 15,000-க்குள் சம்பளம் என்றால் உங்களைச் சேர்க்காமல் விட்டதற்கு அவரிடம் காரணமே இருக்காது. இ.எஸ்.ஐ.க்கு உச்சவரம்பு 21,000, ஆக 11,000 என்றாலும் 18,500 என்றாலும் நீங்கள் உள்ளேதான். அவர் உங்களைச் சேர்க்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. “பணம் தராவிட்டால் பி.எஃப். ஆபீஸுக்குச் சொல்வேன், இன்கம் டாக்ஸுக்கு எழுதுவேன்” என்று மெசேஜ் போடாதீர்கள். புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, வேண்டுமானால் கொடுங்கள். அதைப் பணத்தோடு முடிச்சுப் போட்டு மிரட்டலாக எழுதினால், மிரட்டிப் பணம் கேட்டார் என்று திருப்பிப் போட வழி கிடைக்கும்.

மூன்று மாத நோட்டீஸ், நாற்பதாயிரம் ஸ்டாக்

எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்று பெருமையாகச் சொல்லும் அதே மனிதர், மூன்று மாத நோட்டீஸ் என்கிற நிபந்தனையை எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கும் ஆச்சரியம்தான். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது: வராத நாளுக்கு, அட்வான்ஸுக்கு, பி.எஃப்., வரி என்று போகும். வேலையை விட்டுப் போனதற்குத் தண்டனை என்று அதில் ஒரு இனம் இல்லை. நீங்கள் ஏற்கெனவே உழைத்து முடித்த மூன்று மாதக் கூலி, நோட்டீஸ் கொடுக்காததால் ஆவியாகிவிடாது. எந்தப் பிடித்தமானாலும் எல்லாம் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது.

அதற்காக நாளையே நின்றுவிடாதீர்கள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த அவகாசம் முழுவதையும் நோட்டீஸாகக் கொடுங்கள். திடீரென்று நின்றதால் ரிட்டர்ன் போட ஆளில்லை, நஷ்டம் என்று தனியாக வழக்குப் போட அவருக்குக் காரணம் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டாக் விஷயத்தில் பயம் வேண்டாம். பொருள் காணாமல் போனதற்காகப் பிடிக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் குறிப்பாக உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் அலட்சியத்தால் நேராக நஷ்டம் வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் பார்ப்பது கணக்கு, துணி இருப்பது குடோனில். அதே சமயம் நேர்மையாக யோசித்துப் பாருங்கள்: குடோன் சாவி, ஸ்டாக் புத்தகம், பெட்டி கேஷ் ஏதாவது உங்கள் கையெழுத்தில் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சரிபார்த்து, ஒப்படைக்கும்போது கணக்கு காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தில் இதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

ராஜினாமா கடிதம்

வாயால் சொல்லிவிட்டேன் என்று விடாதீர்கள். நீங்கள் நின்ற தேதி எது என்பதே பிறகு தகராறாகும், இரண்டு நாள் கெடு ஓடத் தொடங்குவதும் அதை வைத்துத்தான். கடிதத்தில் குற்றச்சாட்டு, கண்ணீர் எதுவும் வேண்டாம். ஏறக்குறைய இப்படி எழுதினால் போதும்:

“இன்ன தேதியிலிருந்து தங்கள் நிறுவனத்தில் கணக்காளராக, மாதம் ரூ.18,500 சம்பளத்தில் பணிபுரிந்து வருகிறேன். இன்ன தேதியோடு பணியிலிருந்து விலகுகிறேன், அதுவே என் கடைசி வேலை நாள். இன்ன இன்ன மாதங்களுக்கான சம்பளப் பாக்கி ரூ.63,000, அட்வான்ஸ் பாக்கி ரூ.6,000 போக ரூ.57,000, மற்றும் இந்த மாதம் வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் எனக்கு வர வேண்டும். கடைசி வேலை நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படியும், தங்களிடம் உள்ள என் அசல் பட்டச் சான்றிதழைத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். என் பொறுப்பில் உள்ள லேப்டாப், சாவி, பாஸ்வேர்டு விவரங்களைத் தாங்கள் சொல்பவரிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.”

இரண்டு பிரதி எடுத்து நேரில் கொடுத்து ஒன்றில் கையெழுத்து கேளுங்கள். போட மாட்டார், பரவாயில்லை. அன்றே மெயில், வாட்ஸ்அப் இரண்டிலும் அனுப்பிவிட்டு, தபாலிலும் அனுப்புங்கள். பழைய ரெஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் டெலிவரி ஆனதற்கான ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதத்தை வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

கடைசி நாளில் இன்னொன்று நடக்கும். ஒரு பத்தாயிரம், பதினைந்தாயிரத்தைக் கையில் வைத்து, “இதுல ஒரு கையெழுத்து போடும்மா, மீதி அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். தாளில் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று இருக்கும். சில இடங்களில் வெறும் தாளிலேயே வாங்குவார்கள். சட்டப்படி வரவேண்டிய சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தாளை அவர் விட்டுக்கொடுத்ததற்கான ஒப்பந்தமாகக் காட்ட மாட்டார், பணம் கொடுத்ததற்கான ரசீதாகக் காட்டுவார். அப்போது நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் நகர்ந்துவிடும். கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. “ரூ. இவ்வளவு பகுதித் தொகையாகப் பெற்றேன், மீதி ரூ. இவ்வளவு” என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கையெழுத்தில்லாமல் கிளம்பிவிடுங்கள்.

இரண்டு வேலை நாள் கழிந்தும் பணம் வராவிட்டால்

வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், கட்டாயம் இல்லை. சில முதலாளிகள் நோட்டீஸுக்கே இறங்கி வருவார்கள், உங்கள் கடிதத்தில் தெரியும் மனிதர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை, ஆனால் பேச்சு பெரிதாக இருப்பவர்கள் சில சமயம் காகிதம் வந்ததும் மாறிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்கப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். சம்பளப் பாக்கி கோரிக்கை மனுவை விசாரித்து உத்தரவு போடும் அதிகாரி யார் என்பதை அங்கேயே சொல்வார்கள். மனுவில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று தப்பாக எழுதிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம். மாதவாரியாக எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்ற அட்டவணை தெளிவாக இருந்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கணக்காளர் நீங்கள், இதில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

மனு போட மூன்று வருடம் அவகாசம் உண்டு, பழைய சட்டத்தில் ஒரு வருடம்தான். மூன்று வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், சாட்சிகள் ஊர் மாறுவார்கள், போன் உடையும். மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய அதிகாரி முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா, வக்காலத்து என்று கூடுதலாகவே ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பாக்கியைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு தர உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் ‘பத்து மடங்கு கிடைக்கும்’ என்று வருவது இதைத்தான். ‘வரை’ என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். நீங்கள் 57,000-ஐயும் கொஞ்சம் மேலேயும் எதிர்பாருங்கள், ஐந்து லட்சத்துக்குக் கனவு காணாதீர்கள்.

உத்தரவு வந்தும் அவர் கட்டவில்லை என்றால் அதிகாரி கலெக்டருக்கு வசூல் சான்று அனுப்புவார், நிலவரிப் பாக்கி மாதிரி வசூலிக்கலாம். சிவில் கோர்ட்டில் பண வழக்குப் போடுவதைவிட இந்த வழி உங்களுக்கு நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சிவில் வழக்குக்கும் மூன்று வருடம்தான் காலவரம்பு, ஆனால் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், ஜெயித்தாலும் நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று வரும்.

வக்கீல் செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் உள்ள உரிமை அது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசும் வசதியும் அங்கே இருக்கிறது, அங்கே லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டு பதிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். சித்தப்பாவை வைத்துப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பேசட்டும். அவர் முன்னிலையில் முதலாளி ஒப்புக்கொள்வதை அன்று மாலையே “இன்று சித்தப்பா முன்னிலையில் பேசியபடி” என்று ஆரம்பித்து ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள்.

போலீஸுக்குப் போகலாமா? சம்பளப் பாக்கிக்காக மட்டும் என்றால் பெரும்பாலும், “இது சிவில் மேட்டர், லேபர் ஆபீஸ் போங்க” என்றுதான் அனுப்புவார்கள், அவர்கள் சொல்வதும் தப்பில்லை. சான்றிதழ் வேறு. உங்கள் அசல் சான்றிதழ் உங்கள் சொத்து, சம்பளத் தகராறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்த கல்லூரிகளின் வழக்குகளில், சான்றிதழ் ஒன்றும் அடகு வைக்கும் சரக்கு அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை பனியன் யூனிட்டுக்கு எப்படி வரும்? கடிதத்தில் கேட்டும் தரவில்லை என்றால் இதற்குத் தனியாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பீரோவிலிருந்து நீங்களே எடுத்து வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் சான்றிதழ் வாங்கியதற்கு எழுத்தில் எதுவும் இல்லை என்றால் அதையும் இந்த வாரமே ஒரு மெசேஜில் கேட்டுவிடுங்கள்: “சார், புது பேங்க் லோனுக்கு டிகிரி ஒரிஜினல் கேக்கறாங்க” என்கிற மாதிரிப் பொய் எதுவும் வேண்டாம், “என் ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கு, எனக்குத் தேவைப்படுது” என்றாலே போதும்.

கிராஜுவிட்டி பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டே கால் வருடத்துக்கு வராது, பொதுவாக ஐந்து வருடம் வேண்டும். போனஸ் வேறு கதை. இருபது பேராவது உள்ள இடத்தில், அந்த வருடம் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் உண்டு, நடுவில் விட்டுப்போனாலும் உழைத்த காலத்துக்குக் கணக்கிட வேண்டும். இதுவரை தீபாவளிக்கு என்ன கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் மனுவில் அதையும் தனி இனமாகச் சேருங்கள்.

மனு போட்ட பிறகு, அநேகமாக முதல் விசாரணைக்கு முந்தின நாள், சமரசத்துக்கு அழைப்பு வரும். போங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். 57,000-க்குப் பதில் 50,000 உடனே பேங்கில் போடுகிறேன், சான்றிதழையும் தருகிறேன் என்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசிப்பேன், புது வேலையில் லீவு போட்டு அலையும் செலவும் ஒரு செலவுதான். 25,000 என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிந்தைய தேதி போட்ட செக் கொடுத்தால் தொகையும் கையெழுத்தும் சரியா பார்த்து, எதற்காகக் கொடுத்தது என்று எழுத்தில் வாங்குங்கள். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பினால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும், அதற்குப் பின் அவருக்கு 15 நாள் அவகாசம், அப்படியும் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் மோசடி வழக்கு. பணம் உங்கள் கணக்கில் ஏறிய மெசேஜ் வரும்வரை, அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மனுவை வாபஸ் வாங்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.